பேனர் படிக்கும் பிள்ளை

கழன்று விழுந்த செருப்பை எடுப்பதற்காக ஸ்கூட்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக் குனிந்தேன். வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்த என் மகள் யாழினி அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தாள்.

"தச்சணாமூத்தி."

ஒதியம்பட்டில் எங்கள் தெரு திரும்புகிற முனை அது. சாயங்கால நேரம். எதிர் வீட்டு வாசலில் சாவுக்குப் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. வாடகை நாற்காலிகளில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு மேஸ்திரி இறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சென்ட்ரிங் வேலை நடந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

யாழினி மறுபடியும் சொன்னாள், இந்த முறை இன்னும் சத்தமாக. நாற்காலிகளில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த மனிதரை ஊரில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். தட்சிணாமூர்த்தி என்பது ரேஷன் கார்டில் மட்டும் குடியிருந்த பெயர். அவருடைய மனைவியோ கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதை வாயால் சொன்னதில்லை. அந்த வயதுப் பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட பெயரை, டயப்பர் கட்டிய ரெண்டேகால் வயதுப் பிள்ளை நடுத்தெருவில் நின்று கூவுகிறது.

மேஸ்திரியின் மனைவி எழுந்து வந்தார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லித் தரவில்லை, அதோ பேனரைப் பார்த்துப் படிக்கிறாள் என்று கரண்ட் கம்பத்தைக் காட்டினேன். கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் மேஸ்திரி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா பேனரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. யாழினியின் கன்னத்தைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்:

"உள்ள யாரு கண்ணு பேசறது?"

நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மடியில் உட்கார்ந்தவள்

போன வாரம் இதே பத்தியில் நான் தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னேன். அந்த டைப்பிங்தான் இத்தனைக்கும் காரணம்.

வில்லியனூரில் நசீர் பாயின் பேனர் கடையில் நான் டிசைன் செய்கிறேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்த நாள், கண்ணீர் அஞ்சலி. எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் யாரும் பிறப்பதுமில்லை, பூப்பதுமில்லை, போவதுமில்லை. யாழினி நாலு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளை மடியில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் செல்வத்துக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாய் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஓடும் ஃபேனை மட்டும் கைக்கெட்டாத உயரத்துக்கு மாற்றி வைத்தார்.

ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பது என் பழக்கம். அடித்து முடித்ததும் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு மறுபடியும் முழுசாகப் படித்துக் காட்டுவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு ஓகே என்பார்கள். பேனர் கட்டியபிறகு என் மாமன் பெயர் எங்கே என்று சண்டைக்கு வருவார்கள். ஆக, மடியிலிருந்த பிள்ளை ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் கேட்டது, எழுத்தெழுத்தாகத் திரையில் வருவதையும் பார்த்தது.

இரண்டு வயது நிறைவதற்கு முன்பே நான் அடிக்கும் சொல்லுக்கு அடுத்த சொல்லை அவள் சொல்ல ஆரம்பித்தாள். 'தாய்மாமன்' என்று அடித்தால், மடியிலிருந்து மழலையில் 'சீர்வசை' என்று வரும். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு தடவை பழைய வாடிக்கையாளர் ஒருவர் இரண்டாவது பெண்ணின் காதணி விழாவுக்கு வந்தார். முதல் பெண்ணுக்கு நாங்கள்தான் அடித்துக் கொடுத்திருந்தோம், மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அவர் மச்சான்கள் பெயரை வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நடுவில் யாழினி, அவர் சொல்லாத ஒரு பெயரைச் சொன்னாள். ஆளின் முகம் மாறிவிட்டது. அந்த மச்சானோடு இடையில் வெட்டுக்குத்து ஆகிப் பெயரை எடுத்துவிட்டார்களாம். பேனரிலிருந்து எடுத்தாலும் என் மகள் மண்டையிலிருந்து எடுக்க முடியவில்லை.

பாய்க்குச் சந்தேகம். ஒருநாள் காலையில் பில் அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் 'பூரி' என்று எழுதி, ஒன்றும் சொல்லாமல் அவள் முன்னால் நீட்டினார். யாழினி அட்டையைப் பார்த்தாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். "பூரி எங்க?" என்று கேட்டாள். பாய் எழுந்துபோய் எதிர்க் கடையில் பூரி வாங்கி வந்தார்.

"மனப்பாடம்னா பூரி கேக்காதும்மா. படிச்சதாலதான் பசிக்குது" என்றார்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். இந்த வயதில் படிக்காது, நீங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லும், எல்லா அம்மாவுக்கும் தன் பிள்ளை அதிசயம்தான் என்று சிரித்தார். பதிலுக்கு நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஸ்கூட்டியில் வரும்போதுதான் கோபம் வந்தது.

மற்றும் குடும்பத்தார்

என் தொழிலில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் கீழே பெயர்கள் வரும். மகன்கள், மருமகன்கள், பேரன்கள், அண்ணன் தம்பி, பங்காளிகள், மருமகனுக்குத் தெரிந்த வட்டச் செயலாளர். கைப்பிள்ளையாக இருந்தாலும் ஆண்பிள்ளை என்றால் பெயர் உண்டு. எல்லாம் முடிந்ததும் கடைசியில் 'மற்றும் குடும்பத்தார்' என்று போடச் சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள்தான் செத்தவரின் பெண்டாட்டி, மகள், மருமகள் எல்லோரையும் அடைத்து வைத்திருக்கிறோம்.

மேஸ்திரியின் பேனருக்கும் அப்படித்தான். அவர் இறந்த அன்று அவருடைய மகன் ரமேஷ் வீங்கிய கண்ணோடு கடைக்கு வந்தான். பெயர்களைச் சொன்னான், நான் அடித்தேன். அம்மா பேரு என்று கேட்டேன். அதெல்லாம் யாரு போடுறாங்கக்கா, மற்றும் குடும்பத்தார்னு போட்டுடுங்க என்றான். சாவு வீட்டுப் பையனோடு என்ன வாதம் செய்வது? போட்டேன். யாழினி மடியில் இருந்தாள்.

இதைத்தான் நான் தெருமுனையில் வைத்தும் பெரியம்மாவிடம் சொன்னேன். நான் அடித்த பேனர், இவள் கூட இருந்தாள், ஞாபகம் வைத்திருக்கிறாள், எழுத்தும் தெரிகிறது என்று. பக்கத்திலிருந்த பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பால் குடிக்கிற பிள்ளை படிக்குமா என்று ஒருத்தி கேட்டாள். அவர்களுக்கு வேறு காரணம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. கடைசி வார்த்தை பேசாமல் போன மனுஷன், பேச ஒரு வாயைத் தேடி வந்திருக்கிறான்.

பேய் பேசுகிறது என்றால் உடனே நம்புகிறார்கள். பெண்பிள்ளை படிக்கிறது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இதற்கு இன்றுவரை எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் யாழினி அடுத்த நாள் அதே இடத்தில் பேனரின் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள். வட்டச் செயலாளரையும் விடவில்லை. இத்தனை கஷ்டப்பட்டுத் திரும்பி வந்த ஆவி, மருமகனுடைய சிநேகிதனின் கட்சிப் பதவியையா சொல்லிக்கொண்டிருக்கும்? நான் கேட்டேன்.

சாட்சி சொன்ன வாய்

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று செல்வம் கேட்டார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஏம்பலத்தில். யாழினி அளவுக்கு இல்லை என்றாலும் எனக்கும் கேட்டது மறக்காது. யார் எந்த வார்த்தை சொன்னார்கள் என்று கேட்டால் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வேன். விருந்தாளிகள் முன்னால் சொல்ல வைத்துச் சிரிப்பார்கள். ஆறேழு வயது இருக்கும்போது கரும்புத் தோட்டத்து மோட்டார் விஷயமாக எங்கள் வீட்டில் தகராறு. மோட்டாரில் அப்பாவுக்குப் பங்கு உண்டு என்று தான் சொல்லவே இல்லை என்று பெரியப்பா சத்தியம் செய்தார். பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற நான், சொன்னீங்களே பெரியப்பா என்று ஆரம்பித்து, அவர் பொங்கலன்றைக்குச் சொன்னதை இருமல் உட்பட அப்படியே சொன்னேன்.

வாயிலேயே அடித்தார் பெரியப்பா. உதடு கிழிந்தது. என் பக்கம்தான் நியாயம், ஆனால் அப்பாவும் என்னைத்தான் அதட்டினார். பெரியவர்கள் பேசும்போது பொட்டச்சிக்கு என்ன வாய் என்றார்.

அதற்குப் பிறகும் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வெளியே சொல்வதைத்தான் நிறுத்திக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் கை தூக்காத பிள்ளையாக இருந்தேன். கல்யாணம் வரைக்கும் அப்படித்தான் போனது. அந்தத் தழும்பு இன்னும் கீழுதட்டில் இருக்கிறது. லிப்ஸ்டிக் போட்டால் தெரியும்.

வேப்பிலை

ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செத்துப்போன மாமியார் நகையை எங்கே வைத்தாள் என்று கேட்க ஒருத்தி வந்தாள். பிள்ளை அவளுடைய பையில் இருந்த எழுத்தைப் படித்தது, ஜவுளிக்கடை பெயர். அந்தக் கடையில் போய்த் தேட வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டே போனாள்.

இன்னொரு பக்கம் செல்வத்தோடு வேலை செய்கிறவர் ஒருவர். பிள்ளையை உட்கார வைத்து வீடியோ எடுத்து அனுப்பினால் சாதனைச் சான்றிதழ் கொடுப்பார்களாம், மெடல் கூட உண்டாம். நான் முடியாது என்றேன். பேய் என்பவர்களும் சரி, தெய்வக் குழந்தை என்பவர்களும் சரி, பிள்ளையை நடுவில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பது செல்வத்தின் அக்கா, கலா அண்ணி. கெட்டவர் இல்லை. பிரசவத்தின்போது எனக்குத் துணி துவைத்துப் போட்டவர். அவர்தான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தூக்கிப் போய் வேப்பிலை அடித்துக் கயிறு கட்டிவிட வேண்டும் என்றார். பூசாரியிடம் பேசியும் விட்டார். அதுவரைக்கும் பிள்ளை கண்ணில் எழுத்தே படக்கூடாது, கடைக்கும் கூட்டிப் போகக்கூடாது என்று பூசாரி உத்தரவாம்.

வேப்பிலையால் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொத்தாகப் பிடித்துத் தலையிலும் முகத்திலும் அடிப்பார்கள். பெரிய பெண்களே அலறுவார்கள்.

"ஒருவாட்டி அடிச்சிட்டுப் போவட்டும் சுமதி. ஊரு வாய அடைக்கலாம்" என்றார் செல்வம்.

"ஊரு வாய அடைக்க எம்புள்ள வாயில அடிக்கணுமா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கல்யாணமாகி நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடிகிற நேரத்திலேயே கடைக்குப் போய்விட்டேன். கலா அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

பெரியம்மா கேட்டது

என்னால் எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆள் மேஸ்திரியின் மனைவிதான். தினமும் சாயங்காலம் வருவார். மேஸ்திரிக்குப் பிடித்த பட்டாணி சுண்டல் கொண்டுவருவார். யாழினி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். எதுவும் கேட்க மாட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாய் திறந்தார். மேஸ்திரி இறந்த அன்று காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். நேரமாகிறது என்று மேஸ்திரி வெடுக்கென்று போய்விட்டாராம். கோபமாகப் போனாரா, அவசரமாகப் போனாரா என்று தெரியவில்லை.

"அது ஒன்னு தெரிஞ்சா போதும் சுமதி. படையல் போடறப்ப கொயந்தய ஒக்கார வைக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுவாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்த அம்மாவுடைய துக்கத்தை என் மகள் தலையில் இறக்கி வைக்க எப்படிச் சம்மதிப்பேன்? சரி என்றால் நாளைக்கு ஊரில் யார் செத்தாலும் இவளை உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவள் படையலுக்கு முன்னால் உட்கார்ந்தே வளர்வாள். மாட்டேன் என்றால், வேப்பிலை எப்படியும் வரும்.

கலா அண்ணியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். கூட்டி வருகிறேன். ஆனால் நான் புதிதாக ஒரு பேனர் அடித்துக்கொண்டு வருவேன். இவள் பார்க்காதது, கேட்காதது. எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டுவேன். படித்தால் இனி யாரும் பேய் என்றும் வேப்பிலை என்றும் பேசக்கூடாது. படிக்காவிட்டால் நானே கோயிலுக்குத் தூக்கி வருகிறேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. ரெண்டேகால் வயதுப் பிள்ளை மேல் பந்தயம் கட்டியிருக்கிறேன். தூக்கம் வந்தால் தூங்கிவிடும். படி என்றால் வேண்டுமென்றே படிக்காது.

மறுநாள் யாழினியைக் கலா அண்ணியிடமே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பிள்ளை அன்று முழுக்க அவர் கண்ணெதிரில் இருந்ததற்கு அவரே சாட்சி. காரியத்துப் பேனருக்குப் பெயர் சொல்ல ரமேஷ் வந்தான். உங்க அம்மா பேரு என்ன என்று மறுபடியும் கேட்டேன். அவன் சற்று யோசித்துத்தான் சொன்னான். அதை என்ன செய்யப் போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு ஒரு பேனர் அடித்தேன்.

பதினாறாம் நாள்

வாசல் நிறைய ஆட்கள். சடங்கெல்லாம் காலையிலேயே முடிந்திருந்தது, படையல்தான் பாக்கி. கூடத்தில் மேஸ்திரியின் போட்டோவுக்கு மாலை போட்டு, இலை விரித்துப் படைத்திருந்தார்கள். சோறு, வடை, பாயசம், பட்டாணி சுண்டல். பெரியம்மா நெற்றி வெறுமையாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கலா அண்ணி முந்தானைக்குள் வேப்பிலைக் கொத்தோடு வந்திருந்தார். நான் பார்த்துவிட்டேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

இலைக்குப் பக்கத்தில் யாழினியை உட்கார வைத்தேன். ரமேஷும் செல்வமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருட்டிய பேனரை விரித்தார்கள்.

யாழினி பேனரைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தாள். "வட" என்றாள்.

சாமி சாப்பிடட்டும் கண்ணு, அப்புறம் தருகிறேன் என்றேன். கையை நீட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டேன். உதட்டைப் பிதுக்கித் தரையில் புரண்டு அழ ஆரம்பித்தாள். கூட்டத்தில் கசகசவென்று பேச்சு. அவரு கேக்குறாருடி, அவருக்குத்தான் வடைன்னா உசுரு என்று யாரோ சொன்னார்கள். பூசாரியை வரச் சொல்லு என்றார் மேஸ்திரியின் பெரிய பங்காளி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுதான் நினைத்தேன்.

பெரியம்மா எழுந்து வந்தார். இன்னும் கற்பூரம் கூட காட்டாத இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து யாழினி கையில் கொடுத்தார். பங்காளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

யாழினி எழுந்து உட்கார்ந்து வடையைக் கடித்தாள். மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். எழுத்தைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. கொசுவத்திப் பெட்டியைக் கூட விட மாட்டாள்.

"பதினாறாம் நாள்" என்றாள், வாய் நிறைய வடையோடு. "நினைவஞ்சலி. தச்சணாமூத்தி." அப்புறம் கொஞ்சம் நின்றாள். அடுத்த வரி புதியது. எந்தப் பேனரிலும் அவள் பார்த்திராத வரி. தலையைச் சாய்த்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"அன்பு மனைவி. செந்தாமர."

பெரியம்மா இன்னும் குனிந்த நிலையிலேயே இருந்தார்.

"இன்னா சொன்ன?"

யாழினி எழுந்து போய், எண்ணெய்க் கையை அந்த வரிமேல் வைத்துத் திரும்பவும் சொன்னாள். செந்தாமரை. விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் அப்பியது.

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இது அவரு இல்ல."

பங்காளி ஏன் என்று கேட்டார்.

"கட்டிகினு வந்த நாள்லேர்ந்து ஒருவாட்டி கூட எம்பேரச் சொல்லிக் கூப்ட்டதில்ல அவரு. ஏய்ம்பாரு. இந்தாம்பாரு. புள்ள பொறந்தப்புறம் ரமேசு அம்மாம்பாரு. உசுரோட இருந்தப்ப வராத பேரு, செத்தப்புறமா வந்துடும்? இது கொயந்ததான். கொயந்த படிக்குது."

நான் எத்தனை நாளாகத் தொண்டை வறளச் சொன்னேன். பூரிக் கதையைச் சொன்னேன், வட்டச் செயலாளரைச் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. பெரியம்மாவின் அந்த ஒரு கணக்கு எடுபட்டது. அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் அது தெரிந்த கணக்கு.

பங்காளி மட்டும் விடவில்லை. பேனரைக் காட்டி, பொம்பளை பேரைப் போட்டு முச்சந்தியில் கட்டுவது நம்மில் வழக்கமில்லை, அந்த வரியை மறைத்துப் பேப்பர் ஒட்டுங்கள் என்றார். ரமேஷ் என்னைப் பார்த்தான். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

"கட்டுறா" என்றார் பெரியம்மா மகனிடம். "ஒட்டாம கட்டு."

அன்றைக்குச் சாயங்காலம்

கலா அண்ணி முந்தானையிலிருந்த வேப்பிலையைத் தன் ஆட்டுக்குப் போட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினார். அண்ணி மன்னிப்புக் கேட்கிற முறை அதுதான்.

பொழுது சாய்கிற நேரம் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். சுண்டல் கொண்டுவரவில்லை. பிள்ளையைக் கொஞ்சம் கொடு என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கம்பத்தில் புதுப் பேனர் கட்டியிருந்தார்கள். எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

"எம்பேர படி கண்ணு" என்றார்.

யாழினி படித்தாள். இன்னொரு வாட்டி என்றார். படித்தாள். திரும்பத் திரும்பச் சொல்வதில் அந்த வயதுக்குச் சலிப்பே கிடையாது. பெரியம்மாவுக்கும் அன்றைக்குச் சலிக்கவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் யாரையும் விரட்டவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று தோன்றியது.

கோபமாகப் போனாரா, அவசரமாகப் போனாரா என்பதற்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. அந்த அம்மாவிடமிருந்து அதை நான் பறித்துவிட்டேனோ என்று எனக்கு உறுத்தல் உண்டு. அதற்காக என் பிள்ளையைப் படையலுக்குக் கொடுத்திருக்க முடியாது. இன்னொரு தரம் கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

பெரியம்மா பேனரில் தன் பெயருக்கு மேலே இருந்த வரியைக் காட்டி, இது என்ன என்று யாழினியைக் கேட்டார். பிள்ளை சொன்னது. அவர் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். பங்காளி தன் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா நிமிர்ந்து நின்று, பிள்ளைக்குப் பின்னாலேயே தானும் சொன்னார், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"தட்சணாமூர்த்தி."